மேற்கே ஓடுவதா, கிழக்கே ஓடுவதா? கரையோர ஊரொன்றின் அனர்த்த ஆயத்தம் பற்றி

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. ளுஹர் முடிந்து, சோறு தின்றுவிட்டு ஊர் கண்ணயர்ந்திருந்த நேரம். பிற்பகல் 2 மணி கடந்து சில நிமிடங்களில் சுமாத்ராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் பூமி நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் சுனாமி எச்சரிக்கையைச் சொல்லத் தொடங்கின. "கடல் வருகுதாம்" என்ற சொல் ஒழுங்கைக்கு ஒழுங்கை பாய்ந்தது. ஏழு வருடத்துக்கு முன் கடல் வந்ததைக் கண்ட ஊர். யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, வேன், உழவு இயந்திரப் பெட்டி என்று கிடைத்ததில் ஏறினார்கள். ஏறியவர்கள் எல்லோரும் போய் நின்ற இடம் ஒன்றுதான். பிரதான வீதி.

மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரையான கரையைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்கே கடல். மேற்கே வயல், ஆறு, களப்பு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய மணல் திட்டு. அந்தத் திட்டில்தான் நாங்கள் வீட்டோடு வீடு ஒட்டி வாழ்கிறோம். எங்கள் பிரதான வீதி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக ஓடுகிறது. அந்த வீதியில் காத்தான்குடிப் பக்கம் போனாலும் அக்கரைப்பற்றுப் பக்கம் போனாலும் உங்களுக்கும் கடலுக்கும் இடையிலான தூரம் பெரிதாக மாறப் போவதில்லை. அன்று நானும் உம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்த வீதியில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். வாகனங்கள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. உம்மா ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். இடையில், "மகன், நடந்திருந்தா இந்நேரம் வயலடிக்குப் போயிருப்பமே" என்றார்.

அன்று அலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2004இல் பூமித்தட்டு ஒன்று மற்றொன்றின் மேல் துள்ளி எழுந்து கடலை மேலே தூக்கியது. 2012இல் தட்டுகள் பக்கவாட்டில் வழுக்கின. அதனால் நிலநடுக்கம் அத்தனை பெரிதாக இருந்தும் தண்ணீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை. அன்று நாங்கள் உயிரோடு வீடு திரும்பியதற்கும் எங்கள் ஆயத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

இரண்டு மணித்தியாலக் கணக்கு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அன்றைய இலங்கை நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் குறைவாக இருந்தபோது சுமாத்ராவின் வடமேற்கே நடுக்கம் தொடங்கியது. கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் ஊரில் குர்ஆன் மதரஸா நடந்தது, மீன் ஏலம் போனது, பெண்கள் அடுப்பில் பானை வைத்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை பேர் போகவில்லை.

இதே கதையின் மற்றப் பக்கம் சிமெலுவே என்ற தீவில் இருக்கிறது. சுமாத்ராவின் மேற்கே உள்ள, முஸ்லிம்கள் வாழும் தீவு. நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள் அவர்கள். பத்து நிமிடமளவில் அலை வந்துவிட்டது. சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். காரணம் 'ஸ்மோங்' என்ற ஒரு சொல். 1907இல் அந்தத் தீவைக் கடல் அழித்தது. தப்பியவர்கள் பிள்ளைகளுக்குத் தாலாட்டிலும் கதையிலும் சொல்லிக் கொடுத்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு. 97 வருடம் கழித்து யாரோ "ஸ்மோங்!" என்று கத்தினார்கள். ஊர் முழுக்க மலையேறியது. கோபுரம் இல்லை, சைரன் இல்லை, கைத்தொலைபேசியும் இல்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நாமும் அப்படியே செய்வோம் என்று முடித்துவிடுகிற கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். அங்கேதான் பிழை. சிமெலுவேக்காரர்களின் அடையாளம் நில ஆட்டம். நாங்கள் அந்த இடத்தில் இருந்து ஆயிரத்துக்கும் அதிகமான கிலோமீற்றர் தள்ளி இருக்கிறோம். 2004இல் எங்கள் கரையில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டமே தெரியவில்லை. கடல் வற்றும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது, எங்கள் பக்கம் முதலில் வந்தது சிறிய ஏற்றம். அதன் பிறகுதான் கடல் உள்ளே போனது, மீன் பொறுக்கப் பிள்ளைகள் இறங்கினார்கள், பெரிய அலை வந்தது. தூரம் எங்களுக்கு நேரத்தைத் தருகிறது, அடையாளத்தை எடுத்துவிடுகிறது. எனவே எங்களுக்கு ஸ்மோங் என்பது கேட்கிற செய்திதான். அந்தச் செய்தி வெளியில் இருந்து வரவேண்டும்.

இப்போது செய்தி வருகிறது. 2011இல் இருந்து இந்து சமுத்திர நாடுகளுக்கு இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் எச்சரிக்கை மையங்களை நடத்துகின்றன. கொழும்புக்கு நிமிடக் கணக்கில் தகவல் கிடைக்கிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை மாவட்டத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அனுப்புகிறது. இதுவரைக்கும் வேலை அரசாங்கத்தினுடையது. கிராம உத்தியோகத்தரின் போனில் இருந்து கடற்கரை ஒழுங்கையின் கடைசி வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மூத்தம்மா வரைக்குமான தூரம் எங்களுடையது. அதை அரசாங்கம் செய்யாது, செய்யவும் முடியாது. கடற்கரையில் சைரன் கோபுரம் நிற்கிறதே என்பார்கள். உப்புக் காற்றில் நிற்கிற இயந்திரம் அது. அது ஒலித்தால் நல்லது, ஒலிக்கும் என்று எண்ணிக் குடும்பத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நேரக் கணக்கை இப்படிப் பாருங்கள். தகவல் வந்து, உறுதியாகி, ஊருக்கு அறிவிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் போகிறது என்று வைப்போம். மிச்சம் ஒரு மணித்தியாலம். பிள்ளையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு ஆறுதலாக நடப்பவர் மணிக்கு 3 கிலோமீற்றர் நடப்பார். ஒன்றரைக் கிலோமீற்றர் அரை மணித்தியாலம். எங்கள் திட்டில் ஒன்றரைக் கிலோமீற்றர் மேற்கே போனால் பெரும்பாலான இடங்களில் வீடுகள் முடிந்து வயல் தொடங்கிவிடும். ஆக, நடந்தால் நேரம் போதும். வாகனத்தில் ஏறினால்தான் போதாது. நடக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் வாகனம். அதுவும் யாருடைய முச்சக்கர வண்டி யாருக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த வாகனம். வயல் வரை போக நேரமில்லாத நிலை வந்தால், கடல் முகப்பில் இல்லாத, தூண் போட்டுக் கட்டிய கொங்கிரீட் மாடிகள் இருக்கின்றன. 2004இல் இல்லாத மாடிப் பாடசாலைகளும் பள்ளிவாயல்களும் இன்று இருக்கின்றன. அவற்றின் மாடிப்படிக் கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்வியை உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் கேட்டபோது கிடைத்த பதில், "அது செக்கிரட்டரிட்ட இரிக்கி, அவர் கொழும்புக்குப் போயிட்டார்."

வெள்ளம் வந்தால் திசை மாறும்

சுனாமிக்கு மேற்கே போ என்று பழக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று முன்பு நினைத்தேன். 2024 நவம்பர் 26 அந்த எண்ணத்தை உடைத்தது. அடைமழை. வயலெல்லாம் கடலாகி, காரைதீவில் இருந்து சம்மாந்துறைக்குப் போகும் மாவடிப்பள்ளிப் பாதைக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. மதரஸா விடுமுறை கிடைத்து வீட்டுக்குப் போன மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் அந்த வெள்ளத்தில் புரண்டது. பிள்ளைகள் மௌத்தானார்கள். நாடே அழுதது. அல்லாஹ் அவர்களின் ஷஹாதத்தை ஏற்றுக்கொள்வானாக. யாரையும் குறைசொல்ல இதை நான் எடுக்கவில்லை. மேற்கே போகிற எங்கள் பாதைகள் எப்படிப்பட்டவை என்று காட்டத்தான் எடுத்தேன்.

எங்கள் திட்டில் இருந்து உள்ளே போக உள்ள பாதைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாவடிப்பள்ளிப் பாதை ஒன்று. கல்முனையில் இருந்து கிட்டங்கித் தாம்போதியால் போவது இன்னொன்று. மாரியில் இரண்டுக்கும் மேலால் தண்ணீர் போகும். இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீரும் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போகவேண்டும். அந்த நேரத்தில் ஊரில் உயர்ந்த இடம் எது? கடற்கரை மணல் மேடு. பழைய ஆட்களுக்கு இது தெரியும். வெள்ளத்துக்கு மாட்டைக் கடற்கரைக்கு ஓட்டுவார்கள், முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். சுனாமி நினைவு அந்த அறிவை மூடிவிட்டது. இன்று ஆபத்து என்றவுடன் இளம் பிள்ளைகளின் கால் தானாக மேற்கே திரும்புகிறது. மழைக்காலத்தில் அது மரணப் பாதை.

மூன்றாவது எதிரி காற்று. 1978 நவம்பர் 23, வியாழன் பின்னேரம், எங்கள் கணக்கில் வெள்ளி இரா, மட்டக்களப்பைப் புயல் அடித்தது. எங்கள் மூத்தவர்கள் வயதுகளைக்கூட அதைவைத்துத்தான் சொல்வார்கள்: "சூறாவளிக்கு முந்தின வருசம் பிறந்தவன்." தென்னந்தோப்புகள் தலை முறிந்து கிடந்ததையும், ஓடும் தகரமும் இலைபோலப் பறந்ததையும் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சூறாவளிக்கு நடுவே ஒரு கண் உண்டு. அது ஊருக்கு மேலால் போகும்போது காற்று திடீரென ஓய்ந்துவிடும். முடிந்தது என்று வெளியே வருவார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து மறுபாதி அடிக்கும். ஆகவே புயலுக்குக் கட்டளை வேறு. உறுதியான கட்டடத்துக்குள் காற்றுக்கு முந்தியே போய் இருந்துகொள். ஓய்ந்தாலும் அறிவிப்பு வரும்வரை வெளியே வராதே. ஓலைக் குடிலிலும் தகரக் கூரையிலும் கடற்கரை வாடியிலும் இருப்பவர்கள்தான் முதலில் எழும்ப வேண்டியவர்கள்.

ஒரே ஊர், மூன்று ஆபத்து, ஒன்றுக்கொன்று முரணான மூன்று கட்டளை. கடலுக்கு மேற்கே நட. வெள்ளத்துக்கு மேட்டுக்குப் போ, தண்ணீர் ஓடும் பாதையைக் கடக்காதே. காற்றுக்கு உள்ளே இரு. "பொதுமக்கள் அவதானமாக இருக்கவும்" என்று பொதுவாக ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன நடக்கும்? 2012இல் நடந்ததுதான் நடக்கும்.

மோதினார் என்ன சொல்லவேண்டும்?

அரசாங்கத்திடம் இல்லாத ஒரு வசதி எங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு சில நூறு வீட்டுக்கும் ஒரு பள்ளிவாயல். அதில் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், கிணறு, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம், நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரங்கள், சந்தாப் பதிவேடு, ஜனாஸாக் குழு. வெளிநாட்டு நிறுவனங்கள் திட்டம் போட்டுப் பணம் செலவழித்து உருவாக்கப் பார்ப்பது எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே கிடக்கிறது. ஒன்றோடொன்று கோக்கப்படாமல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் இருந்து தொடங்குவோம். மூன்று ஆபத்துக்கும் மூன்று அறிவிப்பை இப்போதே எழுதி, பெரிய எழுத்தில் அச்சடித்து, மைக் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று செய்திதான். என்ன வருகிறது, எங்கே போவது, எப்படிப் போவது. உதாரணமாக: "சுனாமி எச்சரிக்கை. எல்லோரும் இப்போதே வயல் பக்கம் நடந்து போங்கள். வாகனம் எடுக்க வேண்டாம். திரும்பி வரச் சொல்லும்வரை திரும்ப வேண்டாம்." அந்தக் கடைசி வசனம் முக்கியம். சுனாமி ஒற்றை அலையல்ல. முதல் அலைக்குப் பிறகு பிள்ளையைத் தேடி, பெட்டகத்தைத் தேடித் திரும்பியவர்களை இரண்டாவது அலை கொண்டுபோனது. எங்கள் ராத்தாவும் அப்படித்தான் போனார். அதற்கு மேல் அதைப்பற்றி எழுதத் தெரியவில்லை.

மைக்கைத் திறக்க யாருக்கு அதிகாரம்? சுனாமிக்குப் பின் வந்த வருடங்களில் "கடல் வருகுது" என்ற வெறும் வதந்திக்கு எத்தனை தடவை ஓடியிருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும். எனவே நம்பிக்கையாளர் சபை மூன்று பேரைக் குறிக்கட்டும். அவர்களில் ஒருவர் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ பேசி உறுதிப்படுத்தினால் மோதினார் அறிவிப்பார். மூவரில் ஒருவராவது எப்போதும் ஊரில் இருக்கவேண்டும். வெளியூர் போகிறவர் மற்றவரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். மின்சாரம் போனால் கையில் பிடிக்கும் பற்றரி ஒலிபெருக்கி ஒன்றை சைக்கிளில் வைத்துக்கொண்டு போகலாம். லவுட்ஸ்பீக்கர் வரமுன் எங்கள் பள்ளிகளில் நகரா அடித்தார்கள். அது இன்னும் எங்காவது பரணில் கிடந்தால் இறக்கி வைத்தாலும் தப்பில்லை.

பள்ளி மைக்கில் இதையெல்லாம் சொல்லலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். மழை நாளொன்றில் இப்னு அப்பாஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்ற இடத்தில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று சொல்லும்படி முஅத்தினிடம் கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டபோது, தன்னைவிடச் சிறந்தவர் இதைச் செய்திருக்கிறார் என்று நபியவர்களைச் சுட்டினார்கள். வெறும் சேற்றுக்கும் மழைக்குமே பாங்கின் வாசகத்தில் இடம் கொடுத்த மார்க்கம் இது. "கத்ர்ல உள்ளதுதான் நடக்கும், ஓடி என்ன" என்பவர்களும் உண்டு. கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் போகாமல் எல்லையில் இருந்து திரும்பிய உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு கத்ரில் இருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பதே அவர்களின் பதில். ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸையும் சேர்த்துக்கொண்டால் இந்த விவாதத்தை இதோடு விடலாம்.

யாருடைய பெயர் பதிவேட்டில் இல்லை?

சுனாமிக்குப் பிறகு அம்பாறை மாவட்ட முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் ஆண்களில் 8.2 வீதமானோர் இறந்திருந்தார்கள். பெண்களில் 17.5 வீதம், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஐந்து வயதுக்குக் கீழான பிள்ளைகளில் 31.8 வீதம். கிட்டத்தட்ட மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை. அலை வந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்ததும் ஆபத்தை அதிகரித்த காரணங்களில் ஒன்று. காலை ஒன்பது மணியளவில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது பள்ளிச் சந்தாப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். குடும்பத் தலைவரின் பெயர். அவர் ஆண். காலையில் அவர் கடையில், வயலில், கந்தோரில், அல்லது கத்தாரில். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் கர்ப்பிணி, யாருக்குக் கண் தெரியாது, யார் இன்சுலின் ஏற்றுகிறார் என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இல்லை. அந்த அறிவு வேறிடத்தில் இருக்கிறது. கிழக்கில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. அதனால் ஒரே வளவில் உம்மா, ராத்தா, தங்கச்சி, சாச்சி என்று பெண்வழியில் வீடுகள் வரிசையாக நிற்கும். எங்கள் குடிமுறையைப் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அனர்த்த நேரத்தில் அதன் பயனைப் பற்றி எழுதியதை நான் காணவில்லை. ஒழுங்கையில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை ஒரு தங்கச்சியிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒழுங்கைக்கு இரண்டு பெண்கள் பொறுப்பெடுத்து ஒரு கொப்பி வைத்தால், பிரதேச செயலகத்தின் எந்தப் படிவத்தையும்விட அது நம்பிக்கையானது. அனர்த்தக் குழு என்று லெட்டர்ஹெட் அடித்து, பதினைந்து ஆண்களின் பெயரைப் போட்டு, வெள்ளம் வடிந்த பிறகு கூடுகிற வழக்கத்தை விட்டுவிட இதுவே வழி.

இன்னொரு விடயத்தை மறைக்காமல் பேசவேண்டும். வெளியே ஓட அபாயா தேடிய நேரத்தில், தலைத்துண்டு தேடிய நேரத்தில் போன உயிர்கள் உண்டு என்று தப்பி வந்த பெண்களே சொல்லியிருக்கிறார்கள். உயிர் போகும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் எவ்வளவு இலகு தருகிறது என்பதை உலமாக்கள் ஜும்ஆவிலும் பெண்கள் மத்தியிலும் திறந்து சொல்லவேண்டும். சொன்னாலும் எங்கள் பெண்கள் தயங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே தயக்கத்துக்கு இடம் வைக்காமல், முன்வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து, இலேசான, கால் தடக்காத ஓர் அபாயாவை எப்போதும் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு பை.

அந்தப் பையில் என்ன என்று ஒவ்வொரு நிறுவனமும் நீண்ட பட்டியல் கொடுக்கும். நான் சுருக்கிச் சொல்கிறேன். மருந்து ஒரு வாரத்துக்கு, டோர்ச், தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் காசு, பிள்ளைக்குப் பால்மா. ஆவணங்களைப் பையில் வைப்பதோடு நில்லாமல் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு, அடையாள அட்டை எல்லாவற்றின் பிரதியையும் உள்ளூரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு கட்டாகக் கொடுத்துவைக்க வேண்டும். 2005இல் உறுதி இல்லாமல் வீட்டுத் திட்டத்துக்கு அலைந்தவர்களுக்கு இது விளங்கும். கடற்கரையில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு அறிவித்து, பிறகு அதைத் தளர்த்திய அந்தக் காலத்தில், காணி எங்களுடையது என்று காட்டவே ஒரு துண்டு இல்லாமல் எத்தனை பேர் நின்றார்கள். நகையைப் பற்றி ஒரு சொல்: அலுமாரிக்குள் இருக்கிற நகைக்காக யாரும் திரும்பக் கூடாது. அதைப் பையிலேயே வைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். மூன்றாவது வழி கிடையாது.

கிணறும் கபுறும்

சாப்பாட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எங்கள் சமூகம் அதில் குறைவைத்ததில்லை. 2004இல் சம்மாந்துறை போன்ற உள்ளூர்கள் கதவைத் திறந்தன, சஹனில் சோறு போட்டன. நாடு முழுவதிலும் இருந்து வந்த பழைய உடுப்பு வீதியோரத்தில் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து அழுகியதையும் கண்டோம். உதவ விரும்பும் வெளியூர்க்காரர்கள் உடுப்பு அனுப்பமுன் ஒரு தடவை போன் எடுத்துக் கேட்டால் புண்ணியம்.

தண்ணீர்தான் கவலை. எங்கள் மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீருக்கு மேல் ஒரு மெல்லிய ஆடைபோல நல்ல தண்ணீர் மிதக்கிறது. கிணறு அந்த ஆடையைத்தான் தொடுகிறது. சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்த கிணறுகளை நல்ல எண்ணத்தோடு மீண்டும் மீண்டும் பம்ப் வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியில் இருந்த உப்புத் தண்ணீர் மேலே ஏறியது. கிழக்குக் கரையில் செய்த நீராய்வுகள் இதைத்தான் காட்டின. குப்பையையும் சேற்றையும் அகற்ற அளவாக இறைத்துவிட்டு, மழை கழுவ விட்டுவிட வேண்டும். அது மாதக்கணக்கான வேலை, ஒன்றிரண்டு மாரி போகலாம். அதுவரை பவுசர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றின் கதை வேறு. அதில் உப்பு இல்லை, மலக்குழித் தண்ணீர் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடும்வரை அதைக் குடிக்கக் கூடாது. வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலும் டெங்கும் வரும். வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் பெனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கக்கூடாது.

கடைசியாக, எழுதக் கை வராத ஒன்று. ஜனாஸா. 2004 டிசம்பரில் எங்கள் மையவாடிகளில் மணலைத் தோண்டி, வரிசையாக, பெயர் தெரியாமல் அடக்கினோம். மையித்தை விரைவாக அடக்குவது சுன்னத். நோய் பரவும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பயம் பெரும்பாலும் தவறானது. இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளை நோய் பரவுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறது. முகத்தை ஒரு படம், உடுப்பின் நிறம், மோதிரம், தழும்பு, கண்டெடுத்த இடம், ஓர் இலக்கம், அதே இலக்கத்தில் கபுறுக்கு ஒரு கல். ஒரு ஜனாஸாவுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் எங்களிடம் இருந்தது, தெரியாததால் விட்டுவிட்டோம். எங்கள் உம்மா மௌத்தாகும் வரை ஒவ்வொரு பெருநாளும் மையவாடி வேலிக்கு வெளியே நின்று, முழு வரிசைக்கும் சேர்த்துத்தான் துஆச் செய்தார். எந்தக் கபுறு தன் மகளுடையது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு ஜனாஸாக் குழுவும் கபன் துணியோடு ஒரு தடித்த கொப்பியும், நீரில் அழியாத பேனையும், இலக்கத் துண்டுகளும் வைத்திருக்கட்டும். பெண் மையித்துக்குப் படமெடுக்கப் பெண் ஒருவரை இப்போதே பேசி வைத்திருக்கட்டும்.

எங்கள் கரையின் அனர்த்தங்களைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 1978 நவம்பர், 2004 டிசம்பர், 2024 நவம்பர். திருகோணமலைப் பக்கம் பார்த்தால் 1964, 2000, 2020, எல்லாம் டிசம்பர். சுனாமிக்கு மாதம் கிடையாது, மற்றவை மாரியோடு வருபவை. ஆகவே ஒத்திகைக்கு ஒக்டோபர் நல்ல மாதம். சென்ற ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் ஒழுங்கை மட்டும் நடந்து பார்த்தது. ஊர் முழுவதையும் கூட்டப் போனால் கூட்டம் போடுவதிலேயே வருடம் போய்விடும் என்பதால் 27 வீடுகளோடு நிறுத்திக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் பெருநாள் மாதிரி. பெரியவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசி வீட்டு மூத்தம்மா சக்கர நாற்காலியில். வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் மூடி உடைந்திருந்தது, நாற்காலிச் சில்லு இறுகிவிட்டது, நாலு பேர் தூக்கவேண்டி வந்தது. வயலடிக்குப் போய்ச் சேர 34 நிமிடம். அதில் ஏழு நிமிடம் அந்த வாய்க்காலில். மூடி போடச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம், இன்னும் போடவில்லை. இப்போது முக்குக் கடைச் சுவரில் ஒரு பலகை சாத்தி வைத்திருக்கிறோம். அதை விறகுக்கு எடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சுண்ணாம்பால் எழுதிப் போட்டிருக்கிறார்.